வயலில் நின்ற கண்ணாடி ஆபீஸ்

குமுதா போன் செய்தபோது நான் கோலாலம்பூரில், அலுவலகத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் இது வழக்கம்தான். கண்ணாடிச் சுவர் வழியாக வெயிலை உள்ளே விடுவோம். பிறகு அதை விரட்ட ஏசியை முழுவேகத்தில் ஓடவிடுவோம். பிறகு குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வோம். அந்தக் கண்ணாடிச் சுவர்களை வரைவதுதான் என் பிழைப்பு.

"நீ வரைஞ்சு அனுப்பின கட்டடம் வயல்ல எழும்பிடுச்சுடி," என்றாள் குமுதா. "முன்பக்கம் மட்டும்தான். ஆனா அசல் மாதிரியே இருக்கு. வந்து ஒரு தடவை பாரு. இங்க பாதிப் பேரு அதை மீன் தொட்டின்னு நினைச்சுட்டு இருக்காங்க."

குமுதாவும் நானும் சென்னையில் ஒன்றாகக் கட்டடக்கலை படித்தவர்கள். நான் மலேசியாவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். பட்டம் வாங்கிய கையோடு அவள் சினிமாவுக்கு ஓடிவிட்டாள். பல வருடம் உதவி இயக்குநராக அலைந்து, இப்போதுதான் முதல் படம் எடுக்கிறாள். பேச்சே இல்லாத நகைச்சுவைப் படம். ஒரு விவசாயி பட்டா விஷயமாக நகரத்தில் ஒரு கண்ணாடி ஆபீஸுக்குப் போகிறார். பார்க்க வேண்டிய அதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் தெரிந்துகொண்டே இருக்கிறார். போய்ச் சேரத்தான் வழி இல்லை. நகரத்தில் அப்படி ஓர் ஆபீஸைப் படப்பிடிப்புக்குத் தரமாட்டேன் என்றார்களாம். அதனால் உத்திரமேரூர் ஏரிக்குப் பக்கத்தில், அறுவடை முடிந்த வயலில் செட் போட்டுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை தயாரிப்பாளர் வர்றாரு. எடுத்த வரைக்கும் போட்டுக் காட்டணும். சிரிப்பு வந்தா படம் தொடரும், வரலேன்னா செட்டைப் பிரிச்சுடுன்னு சொல்லிட்டாரு," என்றாள். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவளின் குரல் இந்த இடத்தில் இறங்கிவிட்டது. நான் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலை காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில், "உத்திரமேரூர் போகுமா?" என்று கேட்டுத்தான் ஏறினேன். நடத்துனர், "குந்தும்மா, போவலாம்," என்றார். ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடிவிட்டேன். விழித்தபோது பெருநகர். "இது வந்தவாசி வண்டி. நீ இங்க எறங்கிக்கோ. இங்கேர்ந்து உத்திரமேரூருக்கு பஸ் கீது," என்று அன்பாக இறக்கிவிட்டார். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ தூங்கிக்கினு இருந்த, எழுப்ப மனசு வரல," என்றார். எங்கள் ஊர் ரயிலில் இப்படி ஒரு காரணத்தை யாரும் சொல்லமாட்டார்கள். கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த பஸ் வரும்வரை வேகவைத்த வேர்க்கடலை தின்றுகொண்டு நிழலில் நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "கல்வெட்டு பாக்க வந்தியா?" என்றார். உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர் வந்தால் அது ஒன்றுக்காகத்தான் என்பது இங்கே முடிவான விஷயம். இல்லை, ஆபீஸ் பார்க்க வந்தேன் என்றேன். "எந்த ஆபீஸு? தாலுக்கா ஆபீஸா? அங்க இன்னிக்கு ஒரு வேலையும் ஆவாது," என்றார் அவர்.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வயலுக்கு நடந்து போனேன். வரப்பில் ஏறி நிமிர்ந்தேன். நான் வரைந்த கட்டடம் நெல் தாள்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. உச்சியிலிருந்து அடிவரை கண்ணாடி. அதில் ஏரி தெரிந்தது, கரையில் பனைமரங்கள் தெரிந்தன, நான் வரப்பில் நடந்து வருவதும் தெரிந்தது. பின்பக்கம் போனால் கூரையும் பின்சுவரும் இல்லாத ஒரு தரை, ஒன்றிரண்டு மேசை நாற்காலி, அவ்வளவுதான். சவுக்குக் கம்புகளும் கயிறும்தான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு கொக்கு கண்ணாடிக்கு முன்னால் நின்று, உள்ளே தெரிந்த இன்னொரு கொக்கை வெகுநேரம் பார்த்தது. பிறகு இரண்டும் பறந்துவிட்டன.

கோலாலம்பூரில் இதன் அசல் கட்டடத்துக்கு எதிரே இன்னொரு கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. ஒன்றில் மற்றொன்றுதான் தெரியும். நான் வரைந்ததில் இத்தனை வானம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. குமுதாவிடம் அதைச் சொன்னேன். "இரு இரு, நாளைக்கு அந்தப் பெருமையை அடிச்சுக் காட்டுறேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் நாஷ்டா. இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். மூன்றாவது முறை ஊற்ற வந்தவரை நான் தடுக்கவில்லை. அதற்குள் வயலில் பூஜைக்கு எல்லாம் தயாராகிவிட்டது. சினிமாக்காரர்கள் கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் பூஜை போடாமல் இருக்கமாட்டார்கள். செட்டின் கண்ணாடிக் கதவில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், மாலை போட்டார்கள், சூடம் ஏற்றினார்கள், வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு சந்தனத்தைத் துடைத்துவிட்டு, படம் எடுக்க ஆரம்பித்தோம்.

விவசாயியாக நடிப்பவர் மாசிலாமணி. இத்தனை காலமும் படங்களில் கதாநாயகனிடம் கன்னத்தில் அறை வாங்கியே பெயர் எடுத்தவர். முகத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும், பெயர் தெரியாது. அன்று முழுவதும் அவர் கண்ணாடியில் மோதினார். கதவு என்று நினைத்துச் சுவரில் மோதினார். சுவர் என்று நினைத்து ஒதுங்கியபோது அது கதவாக இருந்து திறந்தது. தானாகத் திறக்கும் கதவு அது. அதாவது, இரண்டு பக்கமும் இரண்டு பேர் மறைந்திருந்து கயிற்றை இழுப்பார்கள். ஒவ்வொரு முறை மோதியபிறகும் மாசிலாமணி துண்டை இடுப்புக்கு இறக்கி, கண்ணாடியிடம் மன்னிப்புக் கேட்பது போலக் குனிந்து கும்பிடுவார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "கண்ணாடி வெச்சா வெளிச்சம் வரும். அதுக்காகத்தான் வைக்கிறோம். உன் ஆளு பார்த்து நடக்கவேண்டியதுதானே?" என்று குமுதாவிடம் சொன்னேன்.

"வெளிச்சம் வருது. ஆளு வர முடியலையே," என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏரிக் கெண்டைக் குழம்பு. வேப்பமர நிழலில் மாசிலாமணி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றி வீங்கியிருந்தது. "அம்மா, நீங்க கோச்சுக்கக் கூடாது," என்று ஆரம்பித்தார். "இந்தப் படத்துல உங்க கட்டடம்தான் ஹீரோ. வெறைப்பா நிக்குது, யாருக்கும் வளைஞ்சு குடுக்க மாட்டேங்குது, தப்பே பண்ணாத மாதிரி மூஞ்சை வெச்சுக்குது. நான் அதுகிட்ட அடி வாங்குறேன். பழைய உத்தியோகம்தான்."

"கட்டடத்தைத் திட்டணும்னா நேராத் திட்டலாமே. ஒரு வசனம் வெச்சா முடிஞ்சுது," என்றேன்.

"திட்டினா அதுக்கு இன்னும் கௌரவம்தாம்மா. அதுகிட்ட மரியாதையா நடந்துக்கணும். மரியாதை குடுத்துக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல அதோட வேஷ்டி தானா அவிழும்," என்று சொல்லிவிட்டு மீன் முள்ளைக் கவனமாக எடுத்தார். "ஆனா இன்னிக்கு எடுத்ததுல அவிழலை. டைரக்டரம்மாவுக்கும் அது தெரியும்."

உண்மைதான். குமுதா சாப்பிடாமல் வரப்பில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊரிலும் ஒரு பெரியவர் நான் வரைந்த கதவில் மோதி, அதனிடம் "சாரி" சொன்னதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம். அதைப் பற்றி அதற்குமேல் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் தணியும்வரை வேலையை நிறுத்தினார்கள். நான் செட்டுக்குள் போய், பொய் ஆபீஸின் சுழல் நாற்காலியில் சாய்ந்தேன். கூரை இல்லாததால் மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அது மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. தூக்கத்தில் நான் கோலாலம்பூரில் இருந்தேன். மேனேஜர் என்னிடம் வந்து ஒன்றும் பேசாமல் என் மேசையை முகர்ந்தார். கண்ணைத் திறந்தால் ஓர் எருமை. வரவேற்பு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, அங்கிருந்த பூச்செடியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அதுவும் அவசரப்படவில்லை. அத்தனை அமைதியாக எந்த ஆபீஸிலும் நான் உட்கார்ந்ததில்லை. தின்று முடித்ததும் அது சுவர் இல்லாத பக்கமாக நடந்து ஏரிக்குள் இறங்கிவிட்டது.

சனிக்கிழமைதான் பெரிய காட்சி. காலையில் ஆபீஸ் திறக்கும் நேரம், கூட்டம் கூட்டமாக ஊழியர்கள் உள்ளே நுழைகிறார்கள், நடுவில் மாசிலாமணி மாட்டிக்கொள்கிறார். கூட்டத்துக்குச் சுற்று வட்டாரத்துக்காரர்களைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தவர் அஞ்சலை. ஏரிக்கரை ஓரக் குடியிருப்பில் இருப்பவர், நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர். வரப்பில் அவர் முன்னால் வர, பின்னால் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். ஆண்களுக்குக் கோட்டும் டையும், பெண்களுக்குக் கஞ்சி போட்ட புடவையும் கழுத்தில் அடையாள அட்டையும் கொடுத்தார்கள். டை கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வரிசையில் நிற்க வைத்துக் கட்டிவிட்டேன். காலுக்கு ஷூ போதவில்லை. கூட்டத்தில் காலை யார் கவனிக்கப் போகிறார்கள், சொந்தச் செருப்பே போதும் என்றாள் குமுதா.

"இது நீங்க தினம் வர்ற ஆபீஸு. அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது. வேகமா வந்து, வேகமா உள்ள போயிடணும். அவ்வளவுதான்," என்று ஒலிபெருக்கியில் சொன்னாள்.

கயிறு இழுத்தார்கள், கதவு திறந்தது, கூட்டம் புறப்பட்டது. அக்கம்பக்கம் பார்க்காமல், வேகமாக, சொன்னபடியே வந்தார்கள். வாசலுக்கு வந்ததும், ஒருவர் பாக்கி இல்லாமல், செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

செருப்புகள் கதவின் பாதையில் குவிந்தன. கதவு மூட வந்து, செருப்பில் முட்டி, பின்வாங்கி, மறுபடி மூட வந்தது. கயிறு இழுப்பவர்களுக்கு எதிரே நடப்பது தெரியாது, இழுத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே தரை முழுவதும் பளபளக்கும் கறுப்பு டைல்ஸ். அதுவும் நான் குறித்துக் கொடுத்ததுதான். காலையிலிருந்து கண்ணாடி வழியாக வெயிலைக் குடித்துக் கொதித்துக்கொண்டிருந்தது. கோட்டுப் போட்டவர்கள் வெறுங்காலை அதில் வைத்ததும் துள்ளினார்கள். துள்ளித் துள்ளி, குதிகால் படாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல், முகத்தை மட்டும் ஆபீஸ்காரர் மாதிரி உர்ரென்று வைத்துக்கொண்டு விரைந்தார்கள். அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தோமே.

கோலாலம்பூரில் காலை நேரம் ரயிலிலிருந்து இறங்கி நாங்கள் நடப்பது அச்சாக இப்படித்தான். எங்களுக்குக் காலில் என்ன சுட்டது என்று அதுவரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

மாசிலாமணி வாசலில் நின்று செருப்புக் குவியலைப் பார்த்தார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் செருப்பையும் கழற்றி, குவியலில் ஓர் இடம் பார்த்து ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். கதவு அதைத் தள்ளியது. மறுபடி சேர்த்து வைத்தார். கதவு மறுபடி தள்ளியது. கதவைக் கும்பிட்டுவிட்டு, துள்ளிக்கொண்டே உள்ளே போனார்.

"கட்!" என்று குமுதா கத்தினாள். எல்லாம் பாழாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். அஞ்சலையிடம் ஓடினாள். "ஏன்க்கா செருப்பைக் கழட்டினீங்க? ஆபீஸுக்குள்ள யாராவது செருப்பைக் கழட்டுவாங்களா?"

அஞ்சலை ஒரு காலை மற்றொரு காலில் தேய்த்துக்கொண்டே, "இன்னாம்மா இப்டி கேக்குற? நேத்து சூடம் ஏத்தி, பூசணிக்கா ஒடைச்சு, பூஜை பண்ண எடம். அதுல செருப்போட ஏறுனா நல்லா இருக்குமா? நீங்க பண்ணதத்தான் நாங்க பாத்துக்கினு இருந்தோம்," என்றார்.

அப்போது கேமராமேன், செருப்பு விழ ஆரம்பித்தபோதும் தான் கேமராவை நிறுத்தவில்லை என்றார். கேமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டினார். குமுதா இருமுறை பார்த்தாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். "இன்னொரு தடவை," என்றாள். "இதே மாதிரி. செருப்பைக் கழட்டிட்டு. இன்னும் கொஞ்சம் பக்கத்துல வெச்சு எடுக்கணும்."

"மாட்டோம்," என்றார் அஞ்சலை. "காலு வேவுது. செருப்போட போவச் சொன்னா சாமி குத்தம். செருப்பில்லாம போவச் சொன்னா கால்ல கொப்புளம். நீ எது வோணா எடு, நாங்க இந்த மர நெழல்ல குந்திக்கினு இருக்கோம்."

"ஒரே ஒரு தடவைக்கா. நாளைக்கு அவரு வந்துடுவாரு. இது சரியா வரலேன்னா என் படமே போயிடும்," என்று குமுதா கெஞ்சினாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. எனக்கு அவள்மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "நீ முதல்ல அந்தத் தரையில ஏறி நடந்து காட்டுடி," என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மேசை வரைகூடப் போகவில்லை, துள்ளிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். அஞ்சலைதான் முதலில் சிரித்தார். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து, கேழ்வரகுக் கூழை ஒரு டம்ளரில் ஊற்றி, மோர் மிளகாயுடன் அவளிடம் நீட்டினார். "குடி. காலு சூடு எறங்கும்," என்றார். இரண்டாவது முறை எடுக்கவே இல்லை. கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம், கட்டடத்தின் முகப்பிலேயே வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். ஊரே பாயும் சாக்குமாக வந்து உட்கார்ந்தது. தயாரிப்பாளர் காஞ்சிபுரம் பக்கத்தில் அரிசி ஆலைகள் வைத்திருப்பவர். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குமுதாவும் நானும் அவருக்குப் பின்னால் நின்றோம். குமுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துணியில் மாசிலாமணி கண்ணாடியில் மோதினார். யாரும் சிரிக்கவில்லை. "ஐயோ பாவம், மூக்கு ஒடைஞ்சிருக்கும்," என்று ஓர் அம்மா பதறினார். மறுபடி மோதினார். "யாராச்சும் அந்தாளுக்கு வழி சொல்லுங்கடா," என்று ஒரு குரல். மரத்தடியில் நின்று படம் பார்த்துக்கொண்டிருந்த மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். தயாரிப்பாளர் நாற்காலியில் அசைந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு கூட்டம் வந்தது. செருப்புகள் விழுந்தன. "ஏய், அது என் செருப்புடி! வாரு அறுந்தது!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அங்கிருந்துதான் சிரிப்பு கிளம்பியது. கதவு செருப்போடு மல்லுக்கட்டியபோது அது முன்வரிசைக்கு வந்துவிட்டது. அஞ்சலை அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு உர்ரென்ற முகத்துடன் துள்ளிப் போனார். கண்ணாடியில் இன்னோர் அஞ்சலை துள்ளிப் போனார். ஏரிக்கரையில் நின்றிருந்த கொக்குகள் அத்தனையும் எழும்பும் அளவுக்குச் சிரித்தார்கள். தயாரிப்பாளரின் தோள்கள் குலுங்கின. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாசிலாமணி தன் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துக் கதவைக் கும்பிட்டபோது, நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். நானும் சிரித்தேன். நான் வரைந்த கட்டடம் அங்கே எல்லோர் முன்னாலும் அசடு வழிந்துகொண்டு நின்றது. எனக்கு அது வலிக்கவே இல்லை.

"மறுபடி போடு! மறுபடி போடு!" என்று கூட்டம் கத்தியது. தயாரிப்பாளர் எழுந்து எங்களிடம் வந்தார். "இன்னாம்மா இது, சிரிச்சு சிரிச்சு வவுறு புண்ணாயிடுச்சு," என்றார். குமுதா என் கையை நசுக்கினாள். அவர் முகப்பைக் காட்டி, "இத்த யாரு வரைஞ்சது?" என்றார். குமுதா என்னைக் காட்டினாள்.

"பைபாஸ் ரோட்டாண்ட எடம் வாங்கிப் போட்டுக்கீறேன். காலேஜ் கட்டணும். இதே மாதிரி வரைஞ்சு குடும்மா. அச்சு அசலா இதே மாதிரி. முன்னாடி பூரா கண்ணாடி, கீய அந்தக் கறுப்பு டைல்ஸு."

அடுத்து சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. கண்ணோரம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

"வெயில் தாங்காதுங்க. உள்ள கொதிக்கும்," என்றேன்.

"ஏசி போட்டுக்கலாம்."

"தரை கால் சுடுங்க."

"அதான் புள்ளைங்க ஷூ போட்டுக்கினு வருமே," என்றார். பிறகு பேரம் முடிக்கிறவர் போலக் கையை நீட்டினார். "நீ காலேஜ வரைஞ்சு குடு, நான் இந்தப் படத்த முடிச்சுக் குடுக்கறேன். இன்னா சொல்ற?"

குமுதா என்னைப் பார்க்கவில்லை, துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர் கையைப் பிடித்து, "சரிங்க," என்றேன்.

துணியில் கதவு மறுபடியும் திறந்தது. கோட்டுப் போட்டவர்கள் மறுபடியும் துள்ளி ஓடினார்கள். ஊரே சிரித்தது, தயாரிப்பாளர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரிக்காமல் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.